அமாவாசையன்று மட்டும் செய்த பயிற்சி

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது சொடக்கைத்தான். பட்டு நெய்யும் ஓர் அம்மாளும் அதையேதான் கேட்டார். “எலும்பு எடம் நவுந்துடுச்சு. ஒரு சொடக்கு எடுத்துவுடுமா.”

பரிசோதித்தேன். எலும்பு எதுவும் நகரவில்லை. முதுகு மூட்டுகளைக் கையால் அழுத்தித் தளர்த்திவிட்டு, படுத்துச் செய்யும் பயிற்சி ஒன்றைக் கற்றுக்கொடுத்தேன். இந்தச் சுகம் கொஞ்ச நாள்தான், தினமும் பயிற்சி செய்தால்தான் வலி அடங்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து அதே வலியோடு வந்தார். “செஞ்சேனேமா, அமாவாசை அன்னிக்கு. அன்னிக்குத்தானே தறிக்கு லீவு?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே அவர் வீட்டுக்குப் போய், குழிக்குள் காலை விட்டு நெய்யும் அந்தக் குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் என் இடுப்பே கெஞ்சியது. தறியை விட்டுவிட்டுச் செய்கிற பயிற்சியை நெசவாளிக்குச் சொன்னது என் தவறுதான்.

நெய்த துணியை அவர் அவ்வப்போது தறியின் உருளை மரத்தில் சுருட்டுவதைக் கவனித்தேன். “ஒவ்வொரு தடவ சுருட்டும்போதும் எழுந்து நின்னு, இடுப்புல கை வெச்சு பத்து தடவ பின்னால வளைங்கமா” என்றேன்.

இரண்டு மாதத்தில் வலி வெகுவாகக் குறைந்தது. போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணை அவர் அதட்டிக்கொண்டிருந்தார். “எலும்பு ஒண்ணும் நவுரல. உக்காந்துக்கினே இருந்தா வலிக்காம என்ன செய்யும்? துணி சுருட்டறப்போ எழுந்து வளை. சொடக்காம் சொடக்கு!”

எனக்கு வரவேண்டிய நோயாளியை அவர் பறித்துக்கொண்டார். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.