பரமசிவம் வாய் திறக்காத ஆட்டம்

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. பெல்ட் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லவே தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அதுவும் எட்டாத தூரம் என்றால் கையை ஆட்டி, விரலை மடக்கி, தலையைத் தட்டிச் சொல்ல வேண்டும். பரமசிவம் தென்காசிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து, பெல்ட்டோடு பேசியே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டில் அவர் உப்பு கேட்டால் எதிர் குவார்ட்டர்ஸில் டப்பாவைத் திறப்பார்கள்.

அவருக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஷிப்ட் பஸ்ஸின் ஜன்னல் சீட்டு. குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது, ஓய்வு பெறும் நாளில் விட்டுவிட வேண்டியது. சீட்டு அப்படியில்லை. முன்பு அதில் உட்கார்ந்து வந்தவர் ரிட்டயர் ஆன அன்று, மாலையும் கழுத்துமாக வந்து, எல்லாரும் பார்க்க இவர் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அந்த பஸ்ஸில் அப்படிக் கைமாறியதுதான் செல்லும். அப்பேர்ப்பட்ட சீட்டைத்தான் மனிதர் ஒரு கல்லூரிப் பையனின் விரல்களை நம்பிப் பந்தயம் வைத்தார்.

நகரியத்துக் கல்லூரி வாலிபால் அணிக்கு அந்த வருஷம் புது செட்டர். பெயர் பிரவீன்குமார். பந்தைத் தூக்கிக் கொடுப்பது செட்டர். அவன் கொடுக்கிறபடிதான் மற்றவன் அடிக்க முடியும். இவன் தேறுவானா மாட்டானா என்பதே பஸ்ஸில் ஒரே பேச்சு.

"அவன் பந்தத் தொடறதப் பாத்தியா? சுடு இட்லியத் தொடற மாதிரி தொடறான்பா," என்றார் பழனிசாமி. குள்ளஞ்சாவடிக்காரர், எப்போதும் பரமசிவத்துக்கு அடுத்த சீட்டு, எப்போதும் பரமசிவத்துக்கு எதிர்க் கட்சி.

"ஏ பழனி, அதுக்குப் பேருதான்யா பதம். அவன் கை பூ மாதிரி."

"பூவ வச்சிகினு பூஜ பண்ணலாம். ஆட்டம் ஜெயிக்க முடியுமா?"

"பைனல்ல ஜெயிச்சுக் காட்டுவான்!"

"தோத்துட்டா இன்னா குடுப்ப?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பரமசிவத்துக்கு வாய்தான் முதலில் போகும். யோசனை பின்னாலேயே நடந்து வரும். "தோத்தா இந்த ஜன்னல் சீட்டு உனக்கு!"

"ஜெயிச்சா, இந்த வருசம் பூரா நான் நின்னுகினே வரேன்," என்றார் பழனிசாமி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி நாகம்மாள் நெற்றியில் கை வைத்தாள். பரமசிவம் சும்மா இருக்கவில்லை. பிரவீன்குமார் வீடு அவர்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் பின்புறம். தினமும் சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பயிற்சி கொடுத்தார். "முழங்கால மடக்கு! பின்னாடி குடு! இப்ப நடுவுல!" வாழ்க்கையில் வாலிபாலை அவர் தொட்டது, அது ஒருமுறை அவர் முருங்கை மரத்தில் சிக்கியபோதுதான். ஆனாலும் பையன் மரியாதைக்காரன். எல்லாவற்றுக்கும் "சரிங்க அங்கிள்" என்றான். சொன்னபடியே செய்தான்.

வினை அங்கேதான் இருந்தது.

பைனல் அன்று மைதானம் நிறைந்திருந்தது. எதிரணி சிதம்பரத்திலிருந்து வந்திருந்தது. பரமசிவம் முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நாகம்மாள், மறுபக்கம் பழனிசாமி. ஆட்டம் தொடங்கியதும் ஆரம்பித்தார்.

"பின்னாடி குடு!"

பிரவீன் பின்னாடி கொடுத்தான். எதிரணியில் மூன்று பேர் அங்கே முன்னமே எம்பி நின்றார்கள்.

"நடுவுல!"

நடுவில் கொடுத்தான். அங்கேயும் சுவர்போல் நின்றார்கள். முதல் செட் போயிற்று.

"பையனுக்கு ராசியில்ல," என்றார் பரமசிவம், முகம் வெளுத்து.

நாகம்மாள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு காதோரம் சொன்னாள். "ஏங்க, நீங்க கத்துறது அந்தப் பையனுக்கு மட்டுமா கேக்கு? எதிர்ல நிக்கிறவங்களுக்குக் காது இல்லையா?"

பரமசிவம் அவளைப் பார்த்தார். வலையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு நெட்டைப் பையன் இவரைப் பார்த்து நன்றியோடு சிரித்தான்.

இரண்டாவது செட்டில் பரமசிவம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கை தானாகக் கிளம்பியது. பின்னாடி, நடுவில் என்று பெல்ட் சைகை. அதையும் பையன் பார்த்தான், நெட்டையனும் பார்த்தான். நாகம்மாள் கூடையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை அவர் வாயில் கவிழ்த்தாள். "கைய அடில வச்சு உக்காருங்க."

பரமசிவம் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்தார். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, வேகவைத்த கிழங்குபோல் இருந்தார். பிரவீன் இரண்டொரு முறை இவரைத் திரும்பிப் பார்த்தான். உத்தரவு வரவில்லை. வேறு வழியின்றித் தன் இஷ்டத்துக்குக் கொடுத்தான். அந்த செட் இவர்களுக்கு.

பழனிசாமிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "இன்னாப்பா பேசாம கீற? புள்ள ஏங்கிப் போயி பாக்குது. ஒரு வார்த்த சொல்லேன்!"

பரமசிவம் மென்றார்.

"பின்னாடியா நடுவுலயா? சும்மா எங்கிட்டயாவது சொல்லு."

"ம்ம்ம்," என்றார் பரமசிவம். அதற்கே நாகம்மாள் தொடையில் கிள்ளினாள்.

கடைசி செட்டும் கடைசிப் பந்துக்கு வந்து நின்றது. பந்து உயரே போய்ப் பிரவீன் தலைக்கு மேலே இறங்கியது. அவன் கண் மறுபடியும் இவரைத் தேடியது. சொல்லிவிடலாம், தொண்டை வரை வந்துவிட்டது. பரமசிவம் கண்களை இறுக மூடிக்கொண்டார். சீட்டு போகிறபோது பார்க்க வேண்டாம் என்றும் இருந்தது.

மைதானம் வெடித்தது. யார் பக்கம் என்று தெரியாமல் அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். பையன் யாருக்கும் கொடுக்காமல், பூப்போலத் தானே பந்தை வலைக்கு அந்தப் பக்கம் தரையில் விழத் தள்ளிவிட்டிருந்தான். நெட்டையன் இன்னமும் பரமசிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பஸ் ஏறும்போது பரமசிவம் பேச வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார், கண்ணாடியைத் தள்ளிவிட்டார், தொண்டையைச் செருமினார்.

"நிறுத்து," என்றார் பழனிசாமி, கம்பியைப் பிடித்து நின்றபடி. "நீ வாய மூடிகினதாலதான் ஜெயிச்சோம். அடுத்து மாநிலப் போட்டி திருச்சில. அது முடியற வரிக்கும் நீ பேசக் கூடாது. கேட்டுப் பாரு, எல்லாரும் இன்னா சொல்றாங்கன்னு."

"ஆமா அண்ணே, ராசிய மாத்தாதீங்க," என்றது பின் வரிசை. டிரைவர்கூடத் தலையாட்டினார்.

பரமசிவம் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது, மூடியது. பிறகு ஒரு கையைத் தூக்கி, விரலை மடக்கி, பெல்ட் சைகையில் பழனிசாமியை ஒரு பெரிய கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். பஸ்ஸில் அத்தனை பேருக்கும் அது தெளிவாகப் புரிந்தது.