காரணக்காவின் கோப்புகள்

தான் இல்லாவிட்டாலும் எல்லாம் ஓட வேண்டும் என்று ஒருத்தர் இருபது வருஷம் பாடுபட்டால், கடைசியில் அவருக்கென்று அங்கே என்ன மிஞ்சும்?

மருத்துவமனையின் சர்வர் அறை எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஏசி குளிருக்காக ஆண்டு முழுக்க ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காரணக்கா அங்கே உட்கார்ந்திருப்பார். ரத்தப் பரிசோதனை முடிவு, டோக்கன் பலகை, மருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘சேவை’ என்ற ஒரு நிரல் ஓயாமல் ஓடும். எது முதலில் எழ வேண்டும், எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அமைப்புக் கோப்புகளில் இருக்கும். கணினியோடு வந்த மூலக் கோப்பில் அவர் கை வைக்கவே மாட்டார். பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பு வைத்து, மாற்ற வேண்டியதை மட்டும் அதில் எழுதுவார். கணினி மூலத்தைப் படித்த பிறகு இதைப் படித்து, இதன்படி நடக்கும். ஏன் மாற்றினோம் என்று அப்படி ஒவ்வொரு சின்னக் கோப்பின் முதல் வரியும் ‘காரணம்’ என்று தொடங்க வேண்டும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

மேதை என்று சொல்வதற்கில்லை. மறதிக்காரர், அது தனக்கே தெரிந்தவர்.

வீட்டில் டப்பாக்களுக்கும் சீட்டு ஒட்டியிருப்பார். “நல்லவேளை, என் சட்டைக்குக் காரணம் எழுதி ஒட்டல” என்பார் கணவர்.

“அந்தச் சட்டைக்கு ஒரு காரணமும் கிடையாது.”

உடன் வேலை பார்த்தவரைப் புயல் என்பார்கள். கை அவ்வளவு வேகம். ஒருமுறை, டோக்கன் பலகை டேட்டாபேஸுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதற்காக, அவசரத்தில் மூலக் கோப்பிலேயே ஒரு வரியை மாற்றிவிட்டார். அடுத்த அப்டேட் மூலக் கோப்பைப் புதிதாக எழுதி, அதை அழித்துவிட்டது. காலையில் டோக்கன் பலகை, டேட்டாபேஸ் எழும் முன்பே எழுந்து, வந்தவர்களுக்கெல்லாம் பூஜ்யம் காட்டியது.

“மூலத்துல கை வெச்சீங்களா?”

“ஒரே ஒரு வரிதான்க்கா.”

“கீழ போய்ப் பாருங்க. அம்பது பேர் பூஜ்யமா உக்காந்திருக்காங்க.”

புயல் உடனே ஒரு சின்னக் கோப்பு வைத்தார். முதல் வரி: ‘காரணம்: அக்கா திட்டினாங்க.’ காரணக்கா அதைக் கடைசி வரை மாற்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். “எல்லாத்தையும் இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க. இதுக்கு ரெண்டு பேர் எதுக்கும்மா? ஒருத்தர் கிளைக்குப் போகட்டும். யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லுங்க.”

கிளை என்பது இரண்டு மணி நேரப் பஸ் பயணம். அங்கே பன்னிரண்டு வருஷமாக ஆளாளுக்கு மூலக் கோப்புகளைக் கிறுக்கி வைத்திருந்தார்கள்.

புயல் காதுக்கும் செய்தி போயிற்று. “நான்தானே போகணும். பெட்டிகூடக் கட்டிட்டேன்க்கா.”

“உங்க பெட்டில என்ன இருக்கப் போகுது, ஒரு சார்ஜரும் சீப்பும்.”

அவர் சிரித்தார், ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் கை வேகம் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் காரணக்கா அலுவலகத்துக்குப் போய் மாறுதல் படிவத்தை வாங்கினார். தன் பெயரை எழுதினார். பணியில் சேர்ந்த தேதி எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

எழுத்தர் புரட்டிப் பார்த்தார். “மேடம், ‘காரணம்’ன்னு ஒரு வரி இருக்கே. அது விட்டுப்போச்சு.”

“தெரியும்” என்று சொல்லிவிட்டு, காரணக்கா பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.