தென்காசிச் சத்திரத்தில் எழ மறுத்த சர்வரும் ஓர் ஐந்தருவிச் சீட்டும்

இந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காலை நான் மதுரையிலிருந்து தென்காசிக்குக் கிளம்பியது சாரலில் நனைவதற்காக இல்லை. அங்கே எங்கள் குடும்பத்துக்குக் கட்டளை உள்ள ஒரு சிறிய சத்திரம் இருக்கிறது. அதன் சர்வர், மின்சாரம் போய் வந்த பிறகு எழுந்திருக்க மறுத்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் போனேன். சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் அடங்கிவிடும் ஒரு பெட்டி. சத்திரத்தில் இருபத்திரண்டு அறைகள். யாருக்கு எந்த நாளில் எந்த அறை என்பதெல்லாம் அதற்குள்தான். அந்த நிரலை எழுதியவள் நான். ஊரடங்குக் காலத்தில் வீட்டுக் கணக்கை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தவள், வீடியோ பார்த்துப் பார்த்து இதுவரை வந்து நிற்கிறேன். கற்றுக்கொடுத்த முகம் தெரியாத மனிதர்கள் எல்லோருக்கும் என் நமஸ்காரம்.

சத்திரத்தைப் பார்த்துக்கொள்கிற சுப்பையா அண்ணாச்சி அதற்கும் முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தார்.

“தங்கச்சி, கரண்டு போயி வந்துச்சு. பெட்டி எழும்புது, ஆனா எழும்பும்போதே வரிவரியா என்னமோ ஓடுது. எல்லாத்துலயும் கடைசில ‘டினைடு’ன்னு வருது. அப்புறம் நம்ம அறைப் பதிவுப் பக்கம் திறக்க மாட்டேங்கு.”

“எதையாவது தொட்டியளா அண்ணாச்சி?”

“நான் எதுக்குத் தொடுதேன்? விபூதி போடுறதைத் தவிர அதுக்கு நான் ஒண்ணும் செய்யல.”

வழக்கமாக வீட்டிலிருந்தே பார்த்துவிடுவேன். இந்த முறை அதே மின்வெட்டில் இணையப் பெட்டியும் கருகிவிட்டது. ஒரு நாள் விட்டு விடிந்தால் அமாவாசை. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க இருபத்திரண்டு குடும்பங்கள் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து வந்து இறங்கும். அவர்கள் பேரும் போன் நம்பரும் அறையும் அந்தப் பெட்டிக்குள். என் வீட்டில் இருந்த பிரதி ஆடி முதல் வாரத்தோடு நின்றிருந்தது. அது என் சோம்பேறித்தனம், மறைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நோட்டுப் புத்தகத்தை நிறுத்தலாமா என்று தர்மகர்த்தாக்கள் தயங்கியபோது, “தங்கச்சி செஞ்சா சரியா இருக்கும், நான் பொறுப்பு” என்று சொன்னவர் அண்ணாச்சி. பெட்டி திறக்காவிட்டால், பெட்டியும் படுக்கையுமாக வாசலில் நிற்கும் ஜனங்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காலை ஏழு பத்துக்கு மதுரையில் செங்கோட்டை ரயில். முன்பதிவு வேண்டாம், டிக்கெட் நாற்பது ரூபாய். திருவில்லிபுத்தூர் தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வரும், அதனால் வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள். கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தை ராஜபாளையத்தில் பிரித்தேன். பத்தேகாலுக்குத் தென்காசி. ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இராது, நடந்தே போனேன். ராஜகோபுரத்துக்குள் நுழையும்போது மேற்கிலிருந்து வரும் காற்று நம்மைப் பின்னால் தள்ளும், இரண்டடி போனதும் அதே காற்று உள்ளே தள்ளிவிடும். புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். விசுவநாதரையும் உலகம்மனையும் சேவித்து, “பெட்டியை மட்டும் எழுப்பிக் கொடு தாயே” என்று கேட்டுவிட்டுச் சத்திரத்துக்குப் போனபோது மணி பதினொன்று.

அண்ணாச்சி இரவெல்லாம் தூங்கியிருக்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. மோர் கொடுத்தார். நான் பெட்டியை அணைத்து மறுபடி எழுப்பினேன். பதினேழு எச்சரிக்கைகள் ஓடின. எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன். இந்தப் பெட்டியில் இரண்டு அடுக்குக் காவல் உண்டு. முதல் காவல், கோப்பு யாருடையது, யார் வாசிக்கலாம் என்று பார்க்கும். இரண்டாவது காவலுக்கு எஸ்.இ.லினக்ஸ் என்று பெயர். அது ஒவ்வொரு கோப்பின் மேலும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டிவைத்து, ‘இந்தச் சேவை இந்தச் சீட்டு உள்ளதை மட்டும்தான் தொடலாம்’ என்று நிற்கும். பதினேழில் பதினான்கு, என்றைக்கோ கழற்றிய பிரிண்டரைப் பற்றிய புலம்பல். அதை விட்டுத்தள்ள எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மிச்சம் மூன்றும் அறைப் பட்டியல் கோப்பைப் பற்றியவை. எத்தனை அறை, எது கீழ்த்தளம், எது மாடி, எதில் எத்தனை கட்டில் என்கிற பட்டியல் அது. சேவை எழும்போது அதை ஒரே ஒரு முறை வாசிக்கும். வாசிக்க முடியாவிட்டால் எழாது.

கோப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. சொந்தக்காரர் பெயர் சரி. வாசிக்க அனுமதி சரி. மூன்று முறை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தும் ‘அனுமதி மறுப்பு’.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கேன். அந்தக் காவலையே எடுத்துட்டா என்ன? நாளைக்கு ஒரு நாளைக்குத்தான?” என்றார் அண்ணாச்சி.

இணையத்தில் தேடினாலும் பாதிப் பேர் அதையேதான் சொல்கிறார்கள். ஒரு வரி போட்டால் காவல் படுத்துவிடும். கை அந்த வரி வரைக்கும் போனது. ஆனால் பெட்டிக்குள் வந்து தங்கினவர்களின் ஆதார் நகல்கள் இருக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்தவை. ஒரு நாளைக்கு என்று எடுத்த காவலை மறுநாள் யார் ஞாபகமாகத் திரும்ப வைப்பார்கள்? என்னை எனக்குத் தெரியும்.

“வேண்டாம் அண்ணாச்சி. அது காரணம் இல்லாம மறிக்காது.”

“அப்பம் நீங்க போயி அருவில தலையக் குடுத்துட்டு வாங்க. ரெண்டு நாளா எனக்கும் அதான் தோணுது, பெட்டிய விட்டுட்டுப் போக முடியல. நீங்களாவது போங்க.”

மதியம் இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். தென்காசியிலிருந்து குற்றாலம் பேரருவி ஐந்தரை கிலோமீட்டர். போய், ஒரு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட முந்நூறு ரூபாய் பேசினேன். பேருந்து என்றால் பத்து ரூபாயில் முடியும், அன்று நேரம் இல்லை. ஓட்டுநர் அச்சன்புதூர்க்காரர், வாய் ஓயாதவர். “தண்ணி நல்லா விழுதுக்கா, நேத்து குளிக்க விடாம மறிச்சிருந்தான், இன்னைக்கு விட்டுட்டான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பேரருவிக்கு அருகில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒருவர் கைநீட்டி மறித்துச் சீட்டு கேட்டார். ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“இது அஞ்சருவிச் சீட்டுவே. இங்கன செல்லாது.”

“காலைல இதே வண்டிக்குத் தந்த சீட்டுய்யா! நம்பரப் பாரும். வண்டியா மாறிட்டு? ஆளா மாறிட்டேன்?”

“வண்டி உம்ம வண்டிதான். ஆளும் நீருதான். சீட்டு அங்கன உள்ள சீட்டுலா? இங்கன நிக்கணும்னா இங்கன உள்ள சீட்டு எடும்.”

“இருபது ரூவாய்க்கு என்னா பேச்சு பேசுதாரு பாருங்கக்கா. மாமியா வீட்டுக்கே இவர் சீட்டு கேப்பாரு.”

“உம்ம மாமியா வீட்டுக்கு எவன் வருவான்?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி சரி, ஆள் சரி, சீட்டு வேறு இடத்துச் சீட்டு. நான் காலையிலிருந்து வண்டியையும் ஆளையும்தான் மூன்று முறை பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டைப் பார்க்கவே இல்லை.

இருபது ரூபாயை நானே கொடுத்தேன். வந்ததற்கு அருவியில் பத்து நிமிடம் நின்றேன். பெண்களுக்குத் தனி வரிசை, கம்பியைப் பிடித்துக்கொண்டால் பயம் இல்லை. தலையில் தண்ணீர் விழுகிறபோது வேறெதுவும் கேட்காது. குற்றாலநாதரைக் கோபுர வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டு ஈரத்தலையோடு திரும்பிவிட்டேன். ஓட்டுநர், “என்னக்கா, உங்களப் புளியறை வரைக்கும் கூட்டிட்டுப் போய்ட்டு வரலாம்னு பாத்தேன், நீங்க அருவியத் தொட்டுட்டு ஓடுதிய” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

நான்கு மணிக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கோப்புறையில் இருந்த எல்லாவற்றின் சீட்டையும் வரிசையாகக் காட்டச் சொன்னேன். மற்ற எல்லாக் கோப்பின் மேலும் ‘வலைச்சேவைக்கு உரியது’ என்று பொருள்படும் சீட்டு. அறைப் பட்டியலின் மேல் மட்டும் ‘ஒருவரின் வீட்டுக் கோப்பு’ என்கிற சீட்டு. ஒரு கோப்பைப் படியெடுத்து வைத்தால் புது இடத்துச் சீட்டு ஒட்டிக்கொள்ளும். அப்படியே இழுத்து நகர்த்தினால் பழைய இடத்துச் சீட்டோடேயே வந்து உட்காரும். யாரோ இதை வெளியே கொண்டுபோய், அங்கே திருத்திப் புதிதாகச் சேமித்து, அந்த இடத்துச் சீட்டோடு திரும்ப நகர்த்தியிருக்கிறார்கள். சீட்டைச் சரிசெய்ய ஒரே ஒரு கட்டளைதான், ரெஸ்டோர்கான் என்று பெயர். போட்டேன். சேவையை எழுப்பினேன். மூன்று எச்சரிக்கையும் காணோம். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனால் சேவை எழுந்து, உடனே படுத்துவிட்டது. இந்த முறை காவலின் குரல் இல்லை. ‘முதல் வரி புரியவில்லை’ என்றது.

கோப்பைத் திறந்தேன். முதல் வரியில், நட்ட நடுவில், ஓர் ‘உ’.

பிள்ளையார் சுழி!

“அண்ணாச்சி, இந்த வருசப் பட்டியலை எப்படி ஆரம்பிச்சிய?”

“எப்பவும் போலத்தான். ஆடி ஒண்ணாந்தேதி புது நோட்டுல சுழி போட்டுத்தான எழுதுவோம்? மாடில ரெண்டு அறைல கூடுதலா ஒரு கட்டில் போட்டோம்லா, அத எழுதப் போனேன். இருக்க இடத்துல எழுத விட மாட்டேங்கு. நீங்க அவசரத்துக்குன்னு குடுத்த பாஸ்வேர்டப் போட்டு இழுத்து என் டெஸ்க்டாப்புல வச்சேன். சுழி போட்டேன், ரெண்டு அறைக்கும் கட்டில் கணக்கு எழுதினேன், சாமி முன்னாடி ஸ்கிரீனுக்குச் சூடம் காட்டினேன், திரும்ப அங்கனயே இழுத்து வச்சிட்டேன்.”

“எதையும் தொடலைன்னியளே?”

“சுழி போடுறது தொடுறதா தங்கச்சி?” என்றவர், சொல்லி முடிக்கும் முன்பே புரிந்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அய்யோ. அப்பம் நாந்தானா?”

அன்று வைத்தது கரண்டு போகும் வரை தெரியவில்லை. சேவை ஏற்கெனவே எழுந்து ஓடிக்கொண்டிருந்ததால், மறுபடி வாசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

சுழிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் அந்த வரியைச் சேவை தாண்டிப் போய்விடும், ஒரு நொடி வேலை என்றேன். அண்ணாச்சி தயங்கினார். “உங்க இஷ்டம். ஆனா சுழிக்கு முன்னால ஒண்ணு வரலாமா?” நியாயம்தான். என் வீட்டு மளிகைச் சீட்டில்கூட நான் அப்படி எழுதியதில்லை. கோப்பைத் தொடாமல் நிரலைத் திருத்தினேன்: முதல் வரி ‘உ’ என்றால் வணங்கித் தாண்டு என்கிற பொருளில் ஒரு வரி. பட்டியலை இருந்த இடத்திலேயே திருத்த ஒரு பக்கமும் செய்து கொடுத்தேன். வருடா வருடம் பட்டியல் புதிதாக எழுதப்படும் என்று தெரிந்தும், எழுத வழி வைக்காமல் பூட்டியது நான்தானே. அதையும் அவரிடம் சொன்னேன். ஐந்தே முக்காலுக்குச் சேவை எழுந்து நின்றது. நம்பிக்கை வர இரண்டு முறை பெட்டியை அணைத்து எழுப்பிப் பார்த்தேன். அன்றைக்கே பிரதியும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு முதலில் வந்தவர்கள் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு கணவன் மனைவி. அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் இறந்த பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை. அந்த அம்மாள் வாசற்படியில் காலை எடுத்து வைக்கவே சிரமப்பட்டார்.

அண்ணாச்சி திரையைப் பார்த்துச் சாவியை நீட்டினார். “கீழயே மூணாம் நம்பர். மதினிக்கு முட்டுவலிலா.”

“எப்பவோ போன்ல சொன்னது. ஞாபகம் வச்சிருக்கியளே!” என்றார் அவர். அந்த அம்மாள் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மணிக்குள் இருபத்திரண்டு சாவியும் போய்விட்டன. அண்ணாச்சி முதல் முறையாகப் பெட்டியை விட்டு எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போனார்.

போகிறவர்களுக்கு: அமாவாசையன்று விடிந்த பிறகு குற்றாலத்தில் வண்டி நகராது, ஐந்து மணிக்கே போய்விடுங்கள். சாரல் காலத்தில் துணி காயாது, மாற்றுப் புடவை இரண்டு எடுங்கள். அருவி திறந்திருக்கிறதா என்று ஓட்டுநர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். மதுரையிலிருந்து போய்த் திரும்ப, சாப்பாடு உட்பட, எனக்கு அறுநூற்று நாற்பது ரூபாய் ஆனது. அறை வாடகை வாங்க அண்ணாச்சி மறுத்துவிட்டார், உண்டியலில் போட்டேன்.

என்னைப் போல வீட்டிலிருந்து கற்று இப்படி ஏதாவது பெட்டியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: எழும்பும்போது வரும் எச்சரிக்கைகளை எழுதிவைத்துப் பழைய புலம்பலைப் பிரியுங்கள். அனுமதி சரியாக இருந்தும் மறுத்தால் சீட்டைப் பாருங்கள். காவலை அணைக்காதீர்கள். அப்புறம், பெட்டியோடு இருக்கும் மனிதரிடம் ‘எதையாவது தொட்டீர்களா’ என்று நான் கேட்டதைப் போலக் கேட்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.