மயிலாள் போட்ட குறுக்குக் கோடு

அனுப்பர்பாளையத்தில் கிட்டுசாமி நடத்தும் பனியன் கம்பெனியில் மடிப்பு மேசை மயிலாளுடையது. வயது ஐம்பத்திரண்டு. நின்றபடியே ஒரு நாளைக்கு ஐந்நூறு டி-சர்ட் மடித்துவிடுவாள். இஸ்திரி போட்டு வரும் சட்டையைக் குப்புறப் போட்டு, முதுகில் ஒரு தாளை வைத்து, கைகளை உள்ளே தள்ளி, இரண்டே மடிப்பு. தாள் இருந்தால்தான் சட்டை கவருக்குள் விறைப்பாக நிற்கும். ஏற்றுமதிக்காரர்கள் அதற்கென்றே அட்டை வாங்குவார்கள். ஈரோட்டுச் சந்தைக்குப் போகிற சரக்குக்கு அது கட்டுப்படியாகாது. செய்தித்தாள் வைத்தாலோ வெள்ளைத் துணியில் மை ஏறும். அதனால் பழைய பேப்பர் கடையில் ஒருபக்கம் மட்டும் அச்சான ஜெராக்ஸ் தாள்களை மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார் கிட்டுசாமி.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, அந்தத் தாள்களில் ஒன்றிலிருந்து மயிலாளின் முகமே அவளைப் பார்த்தது.

ஆதார் அட்டையின் நகல். அட்டைக்குக் குறுக்கே சாய்வாக இரண்டு கோடுகள். நடுவில் அவள் கையெழுத்து: 'வார்டு முகாம் மனுவுக்கு மட்டும்.' கீழே, வார்டில் மனு வாங்கும் முகாம் நடந்த அன்றைய தேதி.

கோடு போடுவது அவளுக்கு நான்கு வருடப் பழக்கம். வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், அரசுக் காப்பீட்டு அட்டையோடு போய் நின்றாள். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண் தலையை நிமிர்த்தி, "உங்களுக்குப் போன வருசமே ஆபரேசன் ஆயிருச்சுங்களே" என்றாள். மயிலாள் அங்கேயே சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். தையல் இல்லை, தழும்பு இல்லை. ஆனால் பதிவேட்டில் இருந்தது. அவள் எண்ணில் யாரோ ஆபரேசன் செய்துகொண்டு நடந்து போயிருந்தார்கள். இந்த முழங்கால் இன்னும் அறுக்கப்படவில்லை என்று சான்றிதழ் வாங்கி, அதைப் பதிவேட்டில் ஏற்ற வைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அத்தனை மாதமும் அதே காலில்தான் நின்று மடித்தாள். எண் எப்படி வெளியே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கறுப்படித்துவிட்டது என்று ஜெராக்ஸ் கடையிலேயே விட்டுவந்த ஒரு நகல் மட்டும் அவளுக்கு நினைவில் இருந்தது. அதன்பிறகு எங்கே நகல் கொடுத்தாலும் குறுக்கே எழுதாமல் கொடுப்பதில்லை, கெட்டுப்போன நகலை விட்டு வருவதுமில்லை. கம்பெனியில் அவளுக்கு 'ஜெராக்ஸக்கா' என்றே பெயர்.

மயிலாள் மூட்டையில் கைவிட்டு இன்னும் பத்துத் தாள்களை எடுத்தாள். பத்தும் அதே முகாமில் கொடுத்தவை. ஆதார் எண், ரேஷன் அட்டை, போன் நம்பர், கையெழுத்து. ஒன்றிலும் கோடு இல்லை.

பக்கத்தில் கவர் போட்டுக்கொண்டிருந்த வினிதா எட்டிப் பார்த்தாள். "உங்க பேப்பர்தான் கெடைச்சிருச்சேங்க ஜெராக்ஸக்கா! அதுலயும் கோடு போட்டு வெச்சிருக்கறீங்க. அப்புறம் என்னங்க?"

"என்றது கெடைச்சுது. உன்றது எங்க கண்ணு?"

வினிதாவின் கை நின்றது. ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க அவளும் அந்த முகாமில்தான் மனு கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து நாற்பது பண்டல் கட்டியாகிவிட்டது. ஆயிரம் சட்டை, ஆயிரம் தாள். நாலு மணிக்கு வண்டி வரும். வண்டி ஏறிவிட்டால் எந்தத் தாள் எந்த ஊரில் யார் கையில் பிரியும் என்று சொல்ல முடியாது.

மயிலாள் கிட்டுசாமியின் மேசைக்குப் போனாள். "ஏனுங்கண்ணா, லோடு இன்னைக்கு வேண்டாமுங்க."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய பேப்பருதானம்மா. சட்டை வாங்கறவன் சட்டையப் பார்ப்பானா, தாளப் பார்ப்பானா?"

"ஆயிரம் பேருல ஒருத்தன் பார்த்தாப் போதுமுங்கண்ணா. எனக்கு மொழங்காலோட போச்சுங்க. இவங்களுக்கு என்ன போகுமோ."

"அதுக்குன்னு கட்டுன பண்டலைப் பிரிக்கறதா? சந்தைக்காரனுக்கு நீயே போன் போட்டுச் சொல்லு!"

"சொல்றனுங்க." மயிலாள் நகரவில்லை. "பட்டா மாத்தறதுக்கு நீங்களும் முகாமுக்கு வந்தீங்களே. வரிசையில எனக்கு ரெண்டு ஆளுக்கு முன்னால நின்னீங்க. கோடு போட்டீங்களாங்க?"

கிட்டுசாமி கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். பிறகு கத்தரியை எடுத்துப் போய் முதல் பண்டலின் கயிற்றை அவரே வெட்டினார்.

மெஷின்கள் நின்றன. எல்லோரும் தரையில் உட்கார்ந்து கவர் கவராகப் பிரித்தார்கள். ஒன்பதாவது பண்டலில் வினிதா கிடைத்தாள். கட்டிங் மாஸ்டர் கந்தவேலுக்கு இருபத்திரண்டாவதில் தன் படம் வந்தது. "இந்தப் போட்டோவுல நானே திருடனாட்ட இருக்கறேன். இத வெச்சு எவன் என்னத்தத் திருடுவான்?" என்றார். சிரித்தார்கள். ஆனாலும் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாற்பது பண்டலும் முடிந்தது. மூட்டையையும் கொட்டியாயிற்று. கிட்டுசாமியின் தாள் வரவில்லை. போன வாரம் இதே மூட்டைத் தாளோடு முந்நூறு சட்டை போயிருந்தது.

"இதையெல்லாம் முகாம் நடத்துன ஆபீஸ்லயே திருப்பிக் குடுத்தரலாமுங்களா?" என்றாள் வினிதா.

"அங்கிருந்துதான கண்ணு இங்க வந்துச்சு?" என்றாள் மயிலாள்.

தாள்களைத் துணி போலவே கட்டிங் மேசையில் அடுக்கினார்கள். கத்தி மழுங்கிவிடும் என்று முணுமுணுத்தபடியே கந்தவேல் மெஷினை ஓட்டினார். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை. நகத்தளவுத் துண்டுகள் வெட்டுத்துணிக் கழிவோடு கலந்தன. சட்டைகள் ஆறு மணிக்குத்தான் வண்டி ஏறின. தாள் இல்லாமல் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தன. சந்தைக்காரர் போனில் கத்தியதைக் கிட்டுசாமி போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மயிலாள் தன் தாளையும் மூட்டையின் காலிச் சாக்கையும் சாட்சியாக எடுத்துக்கொண்டு முகாம் நடத்திய அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனாள். கிட்டுசாமியும் கூட வந்தார். வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி இரவே அவர் தன் ஆதாரில் கைரேகையைப் பூட்டிவிட்டார். மயிலாள்தான் போனில் வழி சொன்னாள். இருந்தாலும் இரவு தூங்காதது முகத்தில் தெரிந்தது.

மேசையிலிருந்தவர் இருவரின் புகாரையும் வாங்கிப் படித்தார். சாக்கைப் பார்த்தார். விசாரிப்பதாகச் சொன்னார். பிறகு, "ரெண்டு பேரும் ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வெச்சுக் குடுங்க" என்றார்.

மயிலாள் பையிலிருந்து நகலை எடுத்து, நின்றபடியே குறுக்கே எழுதிக் கொடுத்தாள். ரசீது கேட்டு வாங்கினாள். பேனாவை மூடப் போனபோது கிட்டுசாமி கையை நீட்டினார்.

"அதை இப்படிக் குடும்மா. என்னன்னு எழுதோணும்?"