முதல் நிலையைத் திருப்பிக் கொடுக்கப் போன நாத்தனார்

என் கணவரின் தங்கை நடத்தும் சலவைக் கடையில் இதுவரை ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை. இதை நீங்கள் முழுதாக நம்பலாம். ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை ஆயிரம் வந்து விழுந்தாலும் காலரை முகர்ந்தே யாருடையது என்று சொல்லிவிடுவாள் என்பதில் பாதியை நம்பினால் போதும். மீதி என் கைச்சரக்கு.

மருந்துக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் அவள் கடை. முன்னால் மரப்பலகை, பின்னால் ஓயாமல் பெருமூச்சு விடும் இரண்டு இயந்திரங்கள், அதற்கும் பின்னால் ஆவி இஸ்திரிப் பெட்டியோடு அவள் கணவர். பேச வேண்டியதையெல்லாம் மனைவியே பேசிவிடுவதால் அந்த மனிதர் கல்யாணத்துக்குப் பிறகு கொட்டாவி விடத்தான் வாயைத் திறந்திருக்கிறார்.

வந்த துணி ஒவ்வொன்றின் உள்பக்கமும் எண் எழுதிய சின்னப் பட்டை ஒன்றைக் குத்துவாள். அப்படியும் யாராவது "இது என் சட்டை இல்லையே" என்று வந்து நின்றால், அவர் மூட்டையோடு நிறுத்தமாட்டாள். அதோடு சேர்த்துக் கட்டிய பக்கத்து மூட்டையையும் பிரிப்பாள்.

"மாறினா ஒண்ணு மட்டும் மாறாது அண்ணி. இவரோடது அங்க போயிருக்கும், அங்க உள்ளது இங்க வந்திருக்கும்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு மார்பில் கட்டி வந்தது. சின்ன எலுமிச்சை அளவு. அக்குளில் ஒரு நிணநீர் நெறிக்கும் போயிருக்கிறது, புற்றுநோயில் இரண்டாம் நிலை என்றார் முதலில் பார்த்த டாக்டர். வீடே இடிந்து உட்கார்ந்துவிட்டது. இவள் மட்டும் அசரவில்லை.

"ரெண்டாவதுதானே? பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் நான் ரெண்டாவதுதான் வந்தேன்."

"ரெண்டே பேர் படிச்ச பள்ளிக்கூடமா?" என்றேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர் பெண். இவளுக்குப் பத்து வயது இளையவள். அவளுக்கும் அதே அளவு கட்டி, அக்குளில் அதே ஒற்றை நெறி, அதே இரண்டாம் நிலை, அறுவையும் அதே நாளில். பார்க்க வருகிறவர்களையெல்லாம் அவள் படுத்தபடியே "உள்ள போங்க, உள்ள போங்க, வழிய அடைக்காதீங்க" என்று விரட்டுவாள். சலவைக் கடையும் பஸ்ஸும் ஒட்டிக்கொண்டன. என்னைக் கிண்டல் செய்வதென்றால் இரண்டுக்கும் ஒரே வாய்.

மூன்று வாரம் கழித்து, வெட்டி எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்த நாளில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நாத்தனார் உள்ளே போனாள். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"முதல் ஸ்டேஜாம் அண்ணி."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. முட்டி சம்மதிக்கவில்லை. அதற்குள் கண்டக்டர் உள்ளே போய்த் திரும்பிவிட்டாள்.

"எனக்கு மூணாம்" என்றாள். "ரெண்டுன்னாங்க, இப்ப மூணுங்கறாங்க." சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டாள். டாக்டர் விளக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே இவளும் எழுந்து வந்துவிட்டிருக்கிறாள், அவளும் எழுந்து வந்துவிட்டிருக்கிறாள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து நாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடைக்குப் போனேன். துணியை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, மூட்டை மாறிடுச்சு."

"எந்த மூட்டை?"

"ஒரே நாள்ல எடுத்த ரெண்டு கட்டி. ஒரே அளவு. ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது. அவ நல்ல சேதி எங்கிட்ட வந்திருக்கு."

"வந்த சேதிய வாங்கிப் போட்டுக்கிட்டுச் சும்மா இரேன்டி!"

"அடுத்தவ துணிய மாட்டிக்கிட்டு ஊர்கோலம் போகச் சொல்றீங்களா? என் மருந்த அவளுக்கும் அவ மருந்த எனக்கும் ஏத்தினா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்."

ஆவிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "போய்க் கேட்டுடு." அந்த மனிதர் பேசிவிட்டார்! இயந்திரங்கள் இரண்டும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டன என்று நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பஸ் நிலையத்துக்குப் போய்க் கண்டக்டரைக் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனோம். விஷயத்தை வழியில் அவளிடம் சொன்னோம். அவள் கண்ணில் முளைத்திருந்த ஆசையைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருந்தது.

டாக்டரம்மா சிரித்துத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை. "சந்தேகம் வந்தா பார்த்துடணும்" என்று சொல்லி, இருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு, பரிசோதனைக் கூடத்தில் முதலிலிருந்து சரிபார்க்கச் சொன்னார். மெழுகுக்குள் பதித்து வைத்திருந்த சதைத் துண்டு, சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு, அவற்றின் எண், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் என் நாத்தனார் தனக்கு வந்த நல்லது தன்னைவிட்டுப் போகவேண்டும் என்று வேண்டினாளா, போகக்கூடாது என்று வேண்டினாளா, நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் மூவரையும் உட்கார வைத்தார் டாக்டரம்மா.

"எதுவும் மாறல. அவங்கவங்களோடது அவங்கவங்களுக்குத்தான்."

கண்டக்டர் தரையைப் பார்த்தாள்.

"முன்னாடி நாங்க மூணு விஷயம்தான் பார்ப்போம். கட்டி எவ்வளவு பெரிசு, அக்குளுக்குப் போச்சா, உடம்புல வேற எங்கயாவது போச்சா. அந்தக் கணக்குல நீங்க ரெண்டு பேரும் ரெண்டாவது. இப்ப விதிய மாத்திட்டாங்க. கட்டியோட குணத்தையும் சேர்த்துப் பார்க்கறோம். உங்களோடது நிதானமான ஆளு, ஹார்மோன் மாத்திரைக்கு அடங்கும்." கண்டக்டர் பக்கம் திரும்பினார். "உங்களோடது வேகக்காரன். மாத்திரைக்கு மசியமாட்டான். ஆனா ஒண்ணு கேளுங்க. ஸ்டேஜ் ஏறினதால கட்டி வளர்ந்துடல. அன்னிக்கு இருந்த அதே கட்டிதான். நமக்கு இப்ப அதப் பத்தி அதிகமாத் தெரியுது. அதனால பலமான மருந்தாவே ஆரம்பிக்கிறோம்."

நாத்தனார் உடைந்துவிட்டாள். குளியலறைக் கதவு எதுவும் இல்லாமல், எல்லார் எதிரிலும். "உனக்கு வீணா ஆசை காட்டிட்டேனே" என்று கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கண்டக்டர் பையைத் திறந்து துழாவினாள். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"கண்ணத் துடைங்கக்கா. துடைச்சிட்டு நீங்களே துவைச்சுக் குடுத்துடுங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "உங்களுக்குக் கிட்டத்துல இறங்கற டிக்கெட். எனக்குத் தூரம் ஜாஸ்தி. வீடு போய்ச் சேரறது ரெண்டு பேரும்தான். கிடைச்ச நல்ல சேதிய எங்கிட்டக் குடுக்க வந்தீங்க பாருங்க, என் கூடப் பிறந்தவங்ககூட அப்படி வரமாட்டாங்க."

நாத்தனாருக்கு இன்னொரு பரிசோதனையும் செய்துபார்த்து, கீமோ என்கிற ஊசி மருந்து தேவையில்லை, கதிர் சிகிச்சையும் மாத்திரையும் போதும் என்றார்கள். கண்டக்டருக்கு ஊசி மருந்து ஏற்றிய நாளெல்லாம் இவள் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். பேசத் தெரியாத மனிதரிடம் வாடிக்கையாளர்கள் நிம்மதியாகத் துணி கொடுத்துப் போனார்கள். அந்த மாதங்களில் வியாபாரம் கூடியது என்பதை நான் இன்னும் நாத்தனாரிடம் சொல்லவில்லை.

கண்டக்டருக்கு முடி கொட்டியது, வாந்தி வந்தது, ஒரு முறை காய்ச்சலில் நாங்கள் எல்லாரும் நடுங்கிப்போனோம். எல்லாம் தாண்டி, கடைசியாகப் பார்த்தபோது, இப்போதைக்கு எங்கேயும் எதுவும் தென்படவில்லை என்றார் டாக்டரம்மா. இப்போதைக்கு என்ற அந்த வார்த்தையை நாங்கள் பழகிக்கொண்டோம். பழையபடி அளவையும் பரவலையும் மட்டும் பார்த்திருந்தால் இருவரையும் ஒரே இரண்டாம் நிலையில் நிறுத்தி, ஒரே மருந்தை இருவருக்கும் கொடுத்திருப்பார்கள். எங்கோ உட்கார்ந்து அந்த விதியைத் திருத்தியவர்களின் முகம் எனக்குத் தெரியாது. என் நாத்தனாரும் கண்டக்டரும் எதிரெதிரே உட்கார்ந்து என்னைக் கேலி செய்யும்போதெல்லாம் அந்த முகம் தெரியாதவர்களை மனதாரக் கும்பிடுகிறேன். இதில் கைச்சரக்கு ஒரு சொட்டும் இல்லை.