நான் எழுதிக் கொடுத்த தீர்மானம்

ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் இருக்கிறேன். விழுப்புரம் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் துணை பி.டி.ஓ.வாக இருந்தபோது நான் செய்த தவறு இது.

கிராம ஊராட்சித் தீர்மானங்களை நாங்களே டைப் செய்து ஊராட்சிச் செயலரிடம் கொடுத்தனுப்புவோம். அவர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி வருவார். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று எனக்குப் பெருமை வேறு.

கெடாருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊருக்குக் குடிநீர் போர்வெல் வந்தது. துளை போடும் ரிக் லாரி போக வசதியான ரோட்டோரத்தைக் குறித்துத் தீர்மானம் அனுப்பினேன். தலைவர் கஸ்தூரி அம்மா கையெழுத்துப் போடாமல் புத்தகத்தோடு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சார், ரோட்டாண்ட உப்புத் தண்ணிதான் வரும். ஏரிக்கரையாண்ட போடணும்னு சபையில பேசி முடிச்சிட்டாங்க. நீங்களே வேற எழுதி அனுப்பினா எப்படிங்க?"

"சாயந்தரத்துக்குள்ள தீர்மானத்தோட காப்பி கலெக்டர் ஆபீஸ் போகணும்மா. இல்லாட்டி போர் வேற ஊருக்குப் போயிடும். ஜல்தியா போடுங்க."

இரண்டு நாள் அவகாசம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. கஸ்தூரி அம்மா கையெழுத்துப் போட்டார்.

உப்புத் தண்ணீர்தான் வந்தது. கோடை முழுக்க அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு கழனி மோட்டாருக்கு நடந்தார்கள்.

அடுத்த கிராம சபையைப் பார்வையிட அரசு அனுப்பிய பற்றாளர் நான்தான். காலிக் குடத்தோடு ஒரு பெண் எழுந்து தலைவரைக் கேட்டாள்: "யார கேட்டுக்கினு அங்க போர் போட்டீங்க?"

கஸ்தூரி அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "கையெழுத்து என்னுது. தப்பும் என்னுதுதான்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, இடத்தை மாற்றி எழுதியது நான்தான் என்று கலெக்டர் ஆபீசுக்குக் கடிதம் எழுதினேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். சில மாதம் கழித்து ஏரிக்கரையில் இரண்டாவது போர் போட்டார்கள். அதற்கான தீர்மானத்தை ஊரே எழுதியது. நான் படித்துப் பார்த்ததோடு சரி.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். ஊராட்சி நம் ஆபீசின் கிளை அல்ல. நம்மை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தலைவரை ஊர் தேர்ந்தெடுத்திருக்கிறது. தெரிந்ததைச் சொல்லலாம், சட்டம் தடுத்தால் காட்டலாம். முடிவு அவர்களுடையது.

இரண்டாவது போரில் தண்ணீர் வந்த அன்று கஸ்தூரி அம்மா ஒரு சொம்பில் பிடித்து என்னிடம் நீட்டினார். குடித்தேன்.

"உப்பு கரிக்குதாங்க சார்?"

"இல்லம்மா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.