தாராவிச் சந்தில் ஒரு முக்கோணம்

சென்ற மாதம் நான் ஒரு புள்ளியானேன். தாராவியில் பைகளுக்குத் தோல் வெட்டும் என் பட்டறை, மடிக்கணினித் திரையில் கடுகளவு நீலப் புள்ளியாகத் தெரிந்தது. எங்கள் சந்து இடிபடப்போகிறது. புதுக் கட்டடம் எழும்வரை யாரை எங்கே வைப்பது என்று பார்க்க, கல்லூரியில் கணக்குப் படிக்கும் வைதேகி என்ற மராட்டிப் பெண் வந்திருந்தாள். சேர்ந்து வேலை செய்பவர்களைப் பிரித்துவிடக் கூடாது என்பது ஏற்பாடு. இருவருக்குள் வேலை நடந்தால் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. மூவர் சேர்ந்து ஒரே சரக்கைச் செய்தால் மூன்று கோடுகளுக்குள் நிறம் நிரப்பிய முக்கோணம். இப்படிச் சந்து முழுவதையும் கோத்துவிட்டு, இணைப்பு மெலிந்த இடங்களில் கணினி அதைத் துண்டுகளாகப் பிரிக்கும். துண்டுக்கு ஓர் இடம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே இது புரிந்தது. பழைய பையைப் பிரிக்கும்போது நாங்களும் தையல் விட்ட இடத்தில்தான் கத்தி வைப்போம்.

"ஆப்கே சாத் அவுர் கோன்?" என்று கேட்டாள். உங்களோடு வேறு யார்? வார் பூட்டும் செல்லப்பாவைச் சொன்னேன். "பஸ்?" என்றாள். "பஸ்" என்றேன். அவ்வளவுதான் என்று அவள் எழுதிக்கொண்டாள். ஜிப்பும் உள்துணியும் தைக்கும் ஜைனம்பு அக்காவை நான் சொல்லவில்லை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில், அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயரை வெளியாளிடம் ஆண்பிள்ளை சொல்வது மரியாதை இல்லை. ஊரில் இருந்தபடி இதைப் படிப்பவர்களுக்கு இது தெரியும். அங்கே யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை நாம் பிறக்குமுன்பே தெரு முடிவு செய்துவிடுகிறது. இங்கே அக்காவும் நானும் பதினெட்டு வருடமாக ஒரே சுவருக்கு இரு பக்கம். ஆனாலும் வாய் மட்டும் ஊரை விட்டு வரவில்லை. அக்காவின் கதவை வைதேகி தட்டியபோது அவர் தொழுகையில் இருந்திருக்கிறார். திறக்கவில்லை.

பத்து நாளில் பட்டியல் வந்தது. எனக்கும் செல்லப்பாவுக்கும் பக்கத்திலேயே செம்பூர். யாரோடும் கோடு இல்லாத அக்காவுக்கு, கடற்கழி தாண்டித் தொலைவில் ஐரோலி. கணவர் இல்லாத அவர், நான் வெட்டும் தோலைத் தைத்துத்தான் பிழைக்கிறார். ஐரோலிக்குப் போனால் அந்தப் பிழைப்பு போய்விடும்.

"ஏன் தம்பி, உன் பையில முக்காவாசி என் தையலு. எம்பேரச் சொல்ல வாய் வலிச்சிட்டோ?" என்றார் அக்கா.

"பொம்பளையாளு பேர எப்பிடிக்கா…"

"நல்லாருக்கு உன் மரியாத. மரியாதயா என்னய ஐரோலிக்கு அனுப்பிட்டியே."

செல்லப்பா சிரித்தார். "ரயில்ல தள்ளி உக்காருன்னு சொல்லவே இவருக்கு மூணு ஸ்டேஷன் ஆகும்க்கா."

மறுநாள் முடியாத பை ஒன்றை வைதேகியின் மேசைமேல் வைத்தேன். எனக்குப் பேசுவதைவிட அது எளிது. வெட்டு நான், தையல் ஜைனம்பு, வார் செல்லப்பா என்று விரலால் தொட்டுக் காட்டினேன். இருவர் இருவராகவா, மூவரும் சேர்ந்தா என்று கேட்டாள். "தீனோ ஏக் சாத்" என்றேன். மூவரும் ஒன்றாக. என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. திரையில் முக்கோணம் நிறைந்தது. கணினி மறுபடி பிரித்தது; முக்கோணம் உடையவில்லை. அக்காவுக்கும் செம்பூர்.

வேறு யாராவது விட்டுப்போனார்களா என்று கேட்டாள். சின்ன பர்ஸ்களுக்கு ஊரில் தோல் கயிறு பின்னி, வருகிறவர்களிடம் எனக்குக் கொடுத்தனுப்புகிறாள் அங்கேயே இருக்கும் என் மனைவி. அந்த வேலையில் மற்ற இருவருக்கும் பங்கில்லை. "பேச்சியம்மாள்" என்றேன். வெளியாளிடம் அவள் பெயரைச் சொன்னது அதுவே முதல் முறை. திரையின் கீழ் ஓரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து எனக்கு மட்டும் ஒரு கோடு.

"இதையும் பிரிக்குமா?" என்று இந்தியில் கேட்டேன்.

"பிரிக்கும். ஒற்றைக் கோடுதானே."

"அப்படியானால் நான் எந்தத் துண்டு?"

பிரியும் இடத்தில் இருக்கும் புள்ளி, இரண்டு துண்டுகளிலும் வரும் என்று சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினாள். முக்கோணத்தின் ஒரு முனையில் நான் இருந்தேன். தள்ளி, தனியாக நின்ற கோட்டின் மேல் முனையிலும் நான் இருந்தேன். கீழ் முனையில் பேச்சியம்மாள்.